பார்க்கும் இடமும் காணும் இடமும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கு நோக்கிக் கடலை அடுத்துச் செல்லும் வீதி, நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து, 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் புல்மோட்டையைச் சென்றடைகின்றது. அதற்கப்பால் கொக்கிளாய்க் களப்பு. களப்பைத் தாண்டினால் முல்லைத்தீவு மாவட்டம். இவ்வூரின் பெயரை வெளியுலகம் அறிந்துகொண்டது அதன் கரையிலே கிடக்கும் கரிய மணலால் ஆகும். 1957 ஆம் ஆண்டில் இம்மணலுக்கெனவே அரச கூட்டுத்தாபனம் ஒன்று தாபிக்கப்பட்டது. பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே கருமையாகத் தோன்றும் அம்மணலில் இல்மனைற், ரூற்றைல், சிர்க்கோன் எனப் பல கனிப்பொருள்கள் கலந்துள்ளன. இல்மனைற்றைக் காந்தம் இழுத்தெடுக்கும். மின்னைக் கடத்தும் ரூற்றைலையும் கடத்தாத சிர்க்கோனையும் மின்புலம் வேறுபடுத்தும். கண்ணுக்கு அகப்படாத வேறுபாட்டைக் கருவி கண்டுகொள்கின்றது. அத்தகைய ஊரிலே, கருவி ஒன்று ஒரு முதியவரின் கண்ணை அறிய மாட்டாது தடுமாறிய நிகழ்ச்சியும் உண்டு. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்முதியவர் மணற் கூட்டுத்தாபனத்திலே தொழில் பார்த்தவரல்லர். தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கரைவலையோடு கழித்தவர். கச்சான் காற்று வீசும் மாதங்களிலே கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். அப்பொழுது தோணியொன்று வலையின் ஒரு தலைக் கயிற்றைக் கரையில் விட்டுச் சென்று, அரைவட்டமாக வலையை வளைத்து வந்து, மறுதலைக் கயிற்றைக் கரைசேர்க்கும். இருபுறமும் ஆட்கள் நின்று இழுக்க, மடியிலே நெத்தலியும் சூடையும் துள்ளும். ஆயின், தோணி எப்பொழுது இறங்கவேண்டும், எத்திசையில் வளையவேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஒருவர் வேண்டும். மணல்மேட்டில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய வேலை. நீரின் நிறம் ஓரிடத்திற் சிறிது கறுப்பதும், மேற்பரப்பு காற்றுக்கு இசையாமல் நடுங்குவதும், பறவைகள் ஒரே இடத்தைச் சுற்றுவதும் அவருக்குச் செய்தி. ஏனையோர் நீலத்தை மட்டுமே கண்ட இடத்தில் அவர் மீன்கூட்டத்தைக் கண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கையை உயர்த்திய பின்னரே அக்கரையிலே தோணி இறங்கியது என்பர். சம்மாட்டி கூட அவர் வாயைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

எழுபது வயதைக் கடந்த பின் ஒருநாட் காலை, அடிவானம் நடுவிலே நெளிந்திருப்பதாக அவர் கூறினார். கேட்டவர்கள் சிரித்தனர். அடுத்த சில மாதங்களில் நேர்க்கோடுகள் யாவும் வளைந்தன. வீட்டின் கதவு நிலை வளைந்தது. குர்ஆனின் எழுத்துகளின் நடுவே சாம்பல் நிறப் பொட்டொன்று வந்து அமர்ந்தது. பின்னர் மனித முகங்கள் மறைந்தன. எதிரே வருபவரின் சாரனும் சட்டையும் தெரியும். கைவீச்சும் நடையும் தெரியும். முகம் இருக்கவேண்டிய இடத்திலே புகை தெரியும். கண் வைத்தியர் சோதித்துவிட்டு, விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட்பொட்டு முதுமையினாற் சிதைந்து வருகின்றது என்றும், இழந்ததை மீட்கும் மருந்து இவ்வகைக்கு இல்லை என்றும், எனினும் ஓரப் பார்வை எஞ்சியிருக்கும் ஆதலால் முழுக் குருடு வராதென்றும் விளக்கினார்.

வைத்தியர் கூறாத துன்பம் ஒன்றும் இருந்தது. முகத்தைக் காணவேண்டி முதியவர் தம் பார்வையைச் சற்று விலக்கலானார். பேசுபவரின் தோளுக்கு மேலே, காதுக்கு அப்பால், எங்கோ ஓரிடத்தைப் பார்த்தபடி அவர் பதில் சொன்னார். அது மரியாதைக் குறைவாகத் தோன்றியது. பள்ளிவாசல் முற்றத்திலே சலாம் சொன்னவர்கள், அவர் தம்மைப் பாராது வேறெங்கோ பார்ப்பதைக் கண்டு மனம் நொந்தனர். வயது போகப் போகப் பெருமை வந்துவிட்டது என்று உறவினர் சிலர் பேசிக்கொண்டனர். வீட்டிலேயும் சிறுபிள்ளைகள், “மூத்தாப்பா எங்களப் பாக்கிறாரில்ல” என்று முறையிட்டனர். நோயைக் காட்டிலும் இப்பழிச்சொல்லே அவரை வருத்தியது.

அவருடைய பேரன் பல்கலைக்கழகத்திலே கணனி விஞ்ஞானம் கற்பவன். இறுதியாண்டு ஆய்வுக்காக அவன் தெரிந்துகொண்ட விடயம், கணனி வரைகலையிலே கண்ணோட்டத்தை அளக்கும் கருவியின் பயன்பாடு என்பதாகும். விடுமுறைக்கு ஊர் வந்த பொழுது மடிக்கணனியும் சிறிய கமெராக் கருவியும் அவனுடன் வந்தன. ஆய்வுக்கு ஆட்கள் வேண்டும். பல்கலைக்கழகத்திலே கிடைத்தவர்கள் யாவரும் இருபது வயதை ஒட்டிய மாணவர். ஆகவே ஊரிலே பல வயதினரையும் இருத்திப் பதிவு செய்வது அவன் எண்ணம். அவ்வரிசையில் மூத்தாப்பாவும் ஒருவராக அமர்ந்தார்.

இவ்வாய்வின் இயல்பை விளங்கிக்கொள்ள, கண்ணைப் பற்றிய ஒரு மயக்கத்தை முதலில் நீக்கவேண்டும். நாம் எதிரேயுள்ள காட்சி முழுவதையும் ஒருசேரத் தெளிவாகக் காண்பதாகவே எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. கையை முன்னே நீட்டிப் பெருவிரலை நிமிர்த்துக. அவ்விரல் மறைக்கும் அகலம் ஏறத்தாழ 2 பாகை. இரு கண்களாலும் நமக்குக் கிடைக்கும் காட்சியோ கிடையாக 180 பாகைக்கும் மேற்பட்டது. இப்பெரும் பரப்பிலே அவ்விரலகலம் ஒன்றே கூர்மையாகத் தெரிவது. விழித்திரையின் மஞ்சட்பொட்டின் நடுவிலுள்ள சிறு குழியிலே நிறமும் நுணுக்கமும் அறியும் கூம்புக் கலங்கள் நெருங்கியிருக்கின்றன. அங்கிருந்து விலக விலக அவை விரைவாகக் குறைந்துவிடுகின்றன. விழித்திரையில் ஒளியை வாங்கும் கலங்கள் 12 கோடிக்கு மேல். அச்செய்தியை மூளைக்குக் கொண்டு செல்லும் பார்வை நரம்பின் இழைகளோ ஏறத்தாழ 10 இலட்சமே. எனவே கண் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் அனுப்புவதில்லை. நடுவுக்குப் பெரும்பங்கும் ஓரத்துக்குச் சிறுபங்கும் ஒதுக்குகின்றது. இக்குறையை ஈடுசெய்யவே கண் ஒரு விநாடிக்கு மூன்று முறையளவில் இடம்விட்டு இடம் துள்ளுகின்றது. துள்ளும் வேளையிலே பார்வை மங்குகின்றது. அதனையும் நாம் உணர்வதில்லை. துண்டு துண்டாகக் கிடைத்த தெளிவுகளைத் தைத்து முழு ஆடையாக நமக்குத் தருவது மூளையின் வேலை.

இத்துள்ளலை முதன்முதற் கவனித்தவர்களுள் பிரான்சு நாட்டுக் கண் வைத்தியர் எமில் ஜாவால் குறிப்பிடத்தக்கவர். 1879 ஐ அண்டிய ஆண்டுகளிலே, வாசிப்பவரின் கண் வரியிலே வழுக்கிச் செல்வதில்லை, நின்று நின்று தாவுகின்றது என்பது அவரது ஆய்வுகூடத்திலே தெரியவந்தது. பிறர் கண்ணை ஆராய்ந்த அவர், கண்ணழுத்த நோயினால் 1900 ஆம் ஆண்டளவிலே தம் பார்வையை முற்றாக இழந்தார். 1903 இல், பார்வையிழந்தோர் வாழும் வகை பற்றிய நூலொன்றை எழுதி வெளியிட்டார் என்பது நெஞ்சைத் தொடும் செய்தியாகும். அமெரிக்கரான எட்மண்ட் ஹியூயி, நடுவிலே துவாரமிட்ட சாந்துக் கிண்ணமொன்றைக் கண்ணின் மேலேயே பொருத்தி, அதனோடு இணைத்த மெல்லிய அலுமினிய ஊசியாற் கண்ணசைவை எழுதச் செய்தார். அவ்வேதனை வேண்டாமென்று, கண்ணின் மேற்படலத்திலே தெறிக்கும் ஒளியைப் புகைப்படமெடுக்கும் முறையை டொட்ஜ், கிளைன் என்போர் 1901 இல் வகுத்தனர். இன்றைய கருவிகளின் முன்னோடி அதுவே. இன்று கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக் கீழ்க்கதிரை முகத்தின் மேற் பாய்ச்சி, கண்மணியின் நடுவுக்கும் படலத்திலே தெறிக்கும் ஒளிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியைக் கமெரா அளக்க, கணனி அதிலிருந்து பார்வை படும் இடத்தைக் கணிக்கின்றது.

எங்கே பார்க்கின்றோம் என்பதை அளந்தால் என்ன எண்ணுகின்றோம் என்பதும் ஓரளவு வெளிப்படும் எனக் காட்டியவர் சோவியத் நாட்டு அல்பிரெட் யார்பஸ். அவரது நூல் ருஷ்ய மொழியில் 1965 இலும் ஆங்கிலத்தில் 1967 இலும் வெளிவந்தது. நெடுங்காலத்தின் பின் வீடு திரும்பும் ஒருவனையும் அவனைக் கண்டு திகைக்கும் குடும்பத்தினரையும் தீட்டிய ரேப்பினின் ஓவியத்தை அவர் ஒருவருக்கே பலமுறை காட்டினார். ஒவ்வொரு முறையும் வினா வேறு. இவர்களின் வயது யாதென்று வினவியபோது கண்கள் முகங்களிலே தங்கின. உடைகளை நினைவிற் கொள்ளுமாறு கேட்டபோது மேனியெங்கும் ஓடின. குடும்பத்தின் செல்வநிலையைக் கேட்டபோது தளபாடங்களைத் தேடின. ஓவியம் ஒன்றே, பார்ப்பவரும் ஒருவரே, வினா மாறப் பார்வையின் பாதை முற்றாக மாறியது. கடற்கரை மேட்டிலே நின்ற முதியவரின் கண்ணும் இவ்வாறே ஒரு வினாவைச் சுமந்துகொண்டு கடலின் மேல் நடந்தது போலும்.

இவ்வறிவு கணனி வரைகலைக்கு எவ்வாறு உதவியது? கணனித் திரையின் படம் இலட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. சாதாரண உயர்தரத் திரையொன்றிலேயே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும், ஒளி வரும் திசை, பொருளின் இயல்பு, நிழல் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கவேண்டும். அதுவும் ஒரு விநாடிக்கு அறுபது, தொண்ணூறு முறை. தலையில் அணியும் காட்சிக் கருவிகளில் இரு கண்களுக்கும் தனித்தனியே இதனைச் செய்யவேண்டும். பெருவிரல் அகலத்தையே கண் தெளிவாகக் காணுமாயின், எஞ்சிய பரப்பெல்லாம் இத்துணை உழைப்பு எதற்கு? பார்வை படும் இடத்தை மட்டும் நுணுக்கமாக வரைந்து ஏனையவற்றைப் பருமட்டாக வரைந்தால் என்ன? இவ்வினாவே ஓர் ஆய்வுத் துறையைத் தோற்றுவித்தது. 1990 இல் அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்திலே மார்க் லெவோய், ரொஸ் விற்றேக்கர் ஆகியோர் பார்வையைத் தொடர்ந்து வரையும் முறையொன்றை முன்வைத்தனர். 2012 இல் மைக்ரோசொப்ற் ஆய்வாளர், பார்வைப் புள்ளியைச் சூழ மூன்று அடுக்குகளை ஒன்றனுள் ஒன்றாக அமைத்து, வெளியடுக்குகளைக் குறைந்த நுணுக்கத்தில் வரைந்து, சாதாரணத் திரையிலேயே வரையும் வேகத்தை 5 முதல் 6 மடங்கு வரை கூட்டினர்.

இங்கே இரு இடர்கள் உண்டு. கண் துள்ளிய பின் படம் பிந்தி வருமாயின் மங்கல் வெளிப்பட்டுவிடும். பிந்துதல் 50 முதல் 70 மில்லிவிநாடி வரை பொறுக்கத்தக்கது என 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. மற்றையது இன்னும் நுட்பமானது. ஓரங்களை வெறுமனே மங்கச் செய்தால், பார்ப்பவர் மங்கலைக் காணாவிடினும் குழாயினூடே பார்ப்பது போன்ற இடுக்கத்தை உணர்கின்றார். இந்தியரான அஞ்சுல் பட்னியும் அவருடன் என்விடியா நிறுவனத்திலே பணியாற்றியோரும் 2016 இல் இதனை ஆராய்ந்தனர். ஓரத்திலே நுணுக்கத்தைக் குறைத்தாலும் ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறையாமற் காத்தல் வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஓரக்கண் எழுத்தை வாசிக்காது. ஆயினும் கருமை வெண்மையையும் அசைவையும் அது விடாது பற்றிக்கொள்கின்றது. 2023 இல் சோனியும் 2024 இல் அப்பிளும் விற்பனைக்கு விட்ட தலைக் கருவிகளிலே பார்வையைத் தொடர்ந்து வரையும் இம்முறை இடம்பெற்றுள்ளது.

வேகத்துக்காக அன்றி அழகுக்காகவும் பார்வையை அளந்தவர் உளர். 2002 இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலே டக் டிகார்லோ, அந்தனி சன்ரெல்லா ஆகியோர் ஒருவரை ஒரு புகைப்படத்தைச் சில விநாடிகள் பார்க்கச் செய்தனர். அவர் கண் தங்கிய இடங்களில் நுணுக்கத்தை விட்டு, தங்காத இடங்களைச் சில கோடுகளாகவும் நிறப்பரப்புகளாகவும் சுருக்கிக் கணனி ஒரு சித்திரத்தை ஆக்கியது. பார்த்தவர் எதனைப் பொருட்படுத்தினாரோ அதுவே சித்திரமாயிற்று. புல்மோட்டைப் பேரனைக் கவர்ந்ததும் இவ்வாய்வே. தன் ஊர்க் கரையை ஊரவர் ஒவ்வொருவரும் எப்படிப் பார்க்கின்றனர் எனப் பதிவுசெய்து, ஒரே புகைப்படத்திலிருந்து பல சித்திரங்களை ஆக்கவேண்டுமென அவன் அவாவினான். தோணியும் வலையும் மணல்மேடும் பின்னே அரிசிமலைப் பக்கத்துப் பாறைகளும் அமைந்த படமொன்றை அதற்கெனத் தெரிந்தெடுத்தான். சிறுவர், தாய்மார், கடற்றொழிலாளர், ஆசிரியர் எனப் பன்னிரண்டு பேர் வரை பார்த்துச் சென்றனர். யாவும் ஒழுங்காகவே நிகழ்ந்தன.

மூத்தாப்பா அமர்ந்தபோது கருவி ஒத்துக்கொள்ளவில்லை. இக்கருவி ஒவ்வொருவரின் கண்ணையும் முதலில் அறிமுகம் செய்துகொள்ளும். திரையிலே ஒன்பது புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். ஒவ்வொன்றையும் நேராக நோக்கவேண்டும். கண் நின்ற நிலையையும் புள்ளியின் இடத்தையும் ஒப்பிட்டுக் கணனி தன் கணக்கை அமைத்துக்கொள்ளும். முதியவருக்கோ புள்ளியை நேராக நோக்கியதும் புள்ளி மறைந்தது. அதனைக் காணவேண்டிக் கண்ணை விலக்கினார், கண்டார், கருவி பிழையென்றது. மீண்டும் முயன்றனர். மூன்றாம் முறையும் பிழையென்றே வந்தது. “நேராப் பாருங்கோ மூத்தாப்பா” என்று பேரன் பொறுமையிழந்து கூறினான். முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “மகன், நான் பாக்கிற இடத்தில ஒண்டும் இல்ல. பாக்காத இடத்திலதான் எல்லாம் கிடக்கு” என்றார்.

இத்தகைய ஆய்வுகளிலே கருவியோடு இசையாதவரின் பதிவை நீக்கிவிடுவது வழக்கம். பங்குபற்றியோர் இத்தனை பேர், அவர்களுள் நீக்கப்பட்டோர் இத்தனை பேர் என்று ஒரு வரி எழுதினாற் போதும். அது மோசடியன்று, நம்பத்தகாத எண்களைக் கணக்கிற் சேர்த்தால் முடிவு கெட்டுவிடும். பேரனும் அவ்வாறே செய்ய எண்ணினான். ஆயினும் அன்றிரவு அவனுக்கு உறக்கம் வரவில்லை. அவன் ஊரிலே கடலைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் ஒருவர் இருந்தாரெனில் அவர் மூத்தாப்பா. புல்மோட்டைக் கரையை மாந்தர் எவ்வாறு பார்க்கின்றனர் என்று ஆராயும் ஏட்டிலே அம்மனிதர் நீக்கப்பட்டோர் என்ற வரிக்குள் அடங்கவேண்டுமா? இன்னுமொன்றும் அவனை உறுத்தியது. கருவி எதனைக் கூறியதோ அதனையே பள்ளிவாசல் முற்றத்திலே மனிதரும் கூறினர், தானும் கூறினான். நேராகப் பார் என்பதே அனைவரும் அவரிடம் கேட்டது.

மறுநாள் அவன் நூல்களைப் புரட்டினான். மஞ்சட்பொட்டுச் சிதைந்தோர் பலரின் கண், நாளடைவிலே தன் விழித்திரையின் ஓரத்திலே நலமாயுள்ள ஓரிடத்தைத் தானாகவே தெரிந்தெடுத்து, அதனைப் புதிய நடுவாகக் கொள்கின்றது. அவர்கள் விலகிப் பார்ப்பது கவனமின்மையன்று. காண்பதற்குச் செய்யும் முயற்சி. நலமுள்ள கண்ணும் இருளிலே இதனையே செய்கின்றது. விழித்திரையின் நடுக்குழியிலே மங்கிய ஒளியை உணரும் கோற்கலங்கள் இல்லை. ஆதலின் மிக மெல்லிய விண்மீனொன்றை நேராக நோக்கினால் அது மறையும். சற்றே விலகி நோக்கினால் தோன்றும். இதனை அவன் சொன்னபோது முதியவர் வியப்படையவில்லை. இரவிற் கடலுக்குச் செல்பவன் தூரத்து விளக்கைப் பக்கமாகப் பார்த்துத்தான் பிடிப்பான் என்பது அவர் இளமையிலேயே அறிந்தது.

அப்படியாயின் பார்வை படும் இடத்தைத் தெளிவாக வரையும் முறை, இவர் போன்றோருக்கு யாது செய்யும்? குருடான இடத்துக்கு நுணுக்கத்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, காணும் இடத்திலே மங்கலை வைக்கும். பசித்தவனுக்கு முதுகுப்புறத்திலே சோறு பரிமாறுவது போன்றது அது. பிழை கணக்கிலே இல்லை. எல்லாக் கண்ணுக்கும் நடு ஒன்றே என்று கொண்ட எடுகோளிலே இருந்தது. பேரன் தன் நிரலைத் திருத்தினான். கருவியை அகற்றிவிட்டு, தெளிவான வட்டத்தைக் கையாலேயே நகர்த்தக்கூடியவாறு செய்தான். கரையின் படத்தைப் பெரிதாக்கி, முழுவதையும் பெரிதும் மங்கச் செய்து, முதியவர் பார்க்கும் இடத்திலே வட்டத்தை வைத்தான். “புகார் மூடின கடல்” என்றார் அவர். வட்டத்தைச் சிறிது சிறிதாக வலப்புறம் மேலே நகர்த்தினான். ஓரிடத்திலே முதியவரின் கை உயர்ந்தது. “நிப்பாட்டு. தோணி. அணியத்தில சிவப்புப் பூசிக் கிடக்கு” என்றார். படத்திலே தோணியின் முன்பகுதி சிவப்பாகவே இருந்தது. மணல்மேட்டிலே தோணியிறக்க உயர்ந்த அதே கை அது என்பதை வீட்டார் கண்டனர்.

இதனை ஒரு கண்டுபிடிப்பு என்று கூறுவதற்கில்லை. ஒருவரிடம் ஒருமுறை செய்து பார்த்த சோதனை ஆய்வாகாது. எனினும், இயலாதோர் என ஒதுக்கப்பட்டவரின் கண்ணை முதலில் அளந்து, பின்னர் அதற்கேற்பக் கருவியை வகுக்கும் நெறி கற்பனையன்று. சென்னையிலுள்ள வித்யாசாகர் நிறுவனத்திலே, கையை அசைக்கவும் வாய்விட்டுப் பேசவும் இயலாத இளைஞர்களோடு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பிரதீப்த பிஸ்வாசும் அவர்தம் மாணவரும் பணியாற்றி வந்துள்ளனர். அவ்விளைஞர்கள் திரையை எவ்வாறு பார்க்கின்றனர் என்பதை ஏனையோரின் பார்வையோடு ஒப்பிட்டு அளந்து, அதற்கிணங்கத் திரையின் அமைப்பை வகுத்தனர். 2020 இல், பார்வையினாலேயே இயந்திரக் கையொன்றை இயக்கிப் பொருளை எடுக்கவும் வைக்கவும் செய்யும் முறையை வெளியிட்டனர். பார்வை அங்கே கையாயிற்று. பெருஞ்செல்வர்களின் விளையாட்டுக் கருவிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. யாருடைய கண்ணை அளவுகோலாக எடுத்துக்கொள்வது என்பதிலேயே வேறுபாடு பிறக்கின்றது.

மற்றுமொரு வினாவும் இங்கு எழுகின்றது. பார்வையின் பாதை மனத்தின் வினாவைக் காட்டும் என்றார் யார்பஸ். ஆயின் ஒருவர் எதைப் பார்க்கின்றார் என்ற பதிவு அவர்தம் உள்ளத்தின் ஒரு பகுதியே. அதனை வைத்துக்கொள்பவர் யார்? தன் தலைக் கருவியை அணிந்தவர் எங்கே பார்க்கின்றார் என்னும் செய்தியைச் செயலிகளுக்குக் கொடுப்பதில்லை என்று அப்பிள் நிறுவனம் அறிவித்தது. அறிவிக்க வேண்டியிருந்தது என்பதே, அச்செய்தியின் விலையைக் காட்டுகின்றது. பேரன் தன் கணனியிலிருந்த பன்னிரண்டு பேரின் பதிவுகளையும் பெயர் நீக்கி எண்ணிட்டான். ஊரிலே ஒருவர் மற்றொருவரின் வீட்டையோ வளவையோ எத்தனை நேரம் பார்த்தார் என்பது கூட அப்பதிவுகளில் இருந்தமை அவனை முதன்முறையாக அச்சுறுத்தியது.

விடுமுறை முடியும் முன் ஒருநாட் பின்னேரம், அவன் மூத்தாப்பாவைக் கைபிடித்து மணல்மேட்டுக்கு அழைத்துச் சென்றான். கீழே இளைஞர் வலையை அடுக்கிக்கொண்டிருந்தனர். முதியவர் முகத்தைக் கொக்கிளாய்ப் பக்கமாகத் திருப்பி நின்றார். அவர் கடலைப் பார்க்கவில்லை என்றே கீழே நின்றவர் எண்ணியிருப்பர். சிறிது நேரத்திலே, “அங்க கறுப்பு” என்று கைகாட்டினார். இளைஞர் உற்றுப் பார்த்தனர். முகிலின் நிழல் அது. நிழல் நகர்ந்து செல்ல, நீர் மீண்டும் வெளுத்தது. முதியவர் தாமே முதலிற் சிரித்தார். ஓரக்கண் கருமையைப் பற்றும். அது மீனா நிழலா என்று பகுக்கும் நுணுக்கம் அதற்கில்லை. அன்று வலை வளைக்கப்படவில்லை.

திரும்பும் வழியிலே எதிர்ப்பட்ட ஒருவர் சலாம் சொன்னார். முதியவர் அவர் தோளுக்கு அப்பாற் பார்த்துப் பதில் சலாம் சொன்னார். வந்தவரின் முகம் சுருங்குவதைக் கண்ட பேரன், அவரை ஒருபுறம் அழைத்து, கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தச் சொல்லி, அவ்விரலால் தன் முகத்தை மறைத்துக்கொண்டு பார்க்குமாறு கூறினான். அவர் அப்படியே பார்த்தார். பிறகு முதியவரிடம் சென்று, அவர் பார்வை சென்ற பக்கமாகவே நின்று, இரண்டாம் முறையும் சலாம் சொன்னார்.